இரண்டு பாஷையில் ஒரு இஞ்சின்

வண்டியைப் பழுது பார்ப்பவருக்கு மெக்கானிக் என்று பெயர். வண்டிக்காரரைப் பழுது பார்ப்பவருக்கு சர்வீஸ் அட்வைசர் என்று பெயர்.

நான் இரண்டாவது ரகம். திருப்பதியில் ஒரு டூவீலர் ஷோரூமின் பின்கட்டில், வாட்டர் வாஷ் தண்ணீர் தெறிக்கிற தூரத்தில் என் கவுண்டர். நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வியர்வையைத் துடைத்தபடி, "திடீர்னு ஸ்டார்ட் ஆகல" என்பீர்கள். "திடீர்னு" என்பது பொய் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்த வண்டிக்கு நன்றாகவே தெரியும். சர்வீஸுக்கு வண்டி விட்டவர்கள் எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தவர்கள்தானே, உங்களிடம் எதற்கு ஒளிவு மறைவு? என் பக்கத்து அவதிகளையும் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்கு ஊர் நகரி. வீட்டில் விசைத்தறி. படித்தது பி.காம். இஞ்சினுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, அப்பாவின், எங்கள் வீட்டு வழக்கில் நைனாவின், வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனதுதான். ஆனாலும் எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் இரண்டு பாஷை. மேனேஜர் அனந்தபூர்க்காரர், தலைமை மெக்கானிக் கவுஸ் பாய் ராயச்சோட்டிக்காரர். இரண்டு பேருக்கும் தமிழ் ஆகாது. வருகிற வண்டிகளிலோ பாதி நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ் வண்டிகள், மலைக்கு வருகிற வேலூர், அரக்கோணம் வண்டிகள். நடுவில் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது.

சேர்க்கும்போதே மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வருஷம் டிரையல். பாஷைக் குழப்பத்தால் ஒரே ஒரு வண்டியில் தப்பு வேலை நடந்தாலும் கவுண்டர் கிடையாது, உள்ளே பில்லிங் செக்ஷன். பில்லிங் என்றால் கண்ணாடி அறை, ஏசி, சுழல் நாற்காலி. தண்டனையாகச் சொன்னதை நைனா வரமாகக் கேட்டுக்கொண்டார். "ஏசியில ஒக்காந்துகினு பில்லு போடறத உட்டுட்டு, எண்ணெய் நாத்தத்துல இன்னா கீது உனக்கு?" என்றார். எனக்கு அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தாலே பயம். அங்கே வருகிற மனிதர்கள் பேச மாட்டார்கள். கார்டை நீட்டுவார்கள், போய்விடுவார்கள். கவுண்டர் எனக்கு முதல் வாரத்திலேயே பிடித்துப் போயிற்று. அந்த ஒரு வருஷத்தில் நடந்தவைதான் இவை.

நாலு வேலை, ஒரு சம்பளம்

கவுஸ் பாய்க்கு இஞ்சின் விஷயத்தில் பாஷை தேவையில்லை, நாலு வார்த்தை போதும். "பீல்ச்சு, நொக்கு, பேல்ச்சு, ஒதுலு." நான் அதைத் தமிழில் திருப்பிப் போட்டுக்கொண்டேன்: இழு, அழுத்து, வெடி, விடு. சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை உள்ளே இழுக்கும். மேலே ஏறும்போது அதை நெருக்கி அழுத்தும். ஸ்பார்க் பிளக் ஒரு பொறி வைக்கும், வெடிக்கும், வெடித்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். மறுபடி ஏறும்போது எரிந்த புகையை வெளியே விடும். இந்த நாலில் வெடி ஒன்றுதான் வண்டியை ஓட்டுகிற வேலை. மற்ற மூன்றும் அந்த ஒன்றின் சம்பாத்தியத்தில் நடக்கின்றன.

இதை அன்றைக்கே போனில் நைனாவிடம் ஒப்பித்தேன். பிஸ்டன் மேலும் கீழும்தானே போகிறது, சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டார். கிராங்க் என்று ஒன்று இருக்கிறது, வளைந்த கம்பி மாதிரி, அது ஏற்ற இறக்கத்தைச் சுற்றாக மாற்றிவிடும் என்றேன்.  போனில் பின்னணியில் எங்கள் தறி அடித்துக்கொண்டிருந்தது. தறியிலும் கிராங்க் உண்டு. மோட்டாரின் சுற்றை வாங்கி, குறுக்கு நூலான ஊடையை நெருக்கித் தட்டுகிற பலகையை முன்னும் பின்னும் ஆட்டுவது அதுதான். நான் பிறந்ததிலிருந்து அதன் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்துவிட்டது. "த்தூ, இவ்ளோதானா? நம்ம தறியத் திருப்பிப் போட்டா உன் இஞ்சினு. இதுக்கா திருப்பதி வரிக்கும் போன?"

நெய் ஊற்றும் முறை

வாரத்தில் இரண்டு நாள் என்னைச் சித்தூர் கிளைக்கு அனுப்புவார்கள். காலையில் பாகாலா வழியாக ரயிலில் போய்விட்டு மாலையில் திரும்ப வேண்டும். சித்தூரில் ஒரு புரோகிதர் வாடிக்கையாளர். பழைய வண்டி, பளபளவென்று வைத்திருப்பார். ஒருநாள் கிருகப்பிரவேசத்துக்கு நேரமாகிவிட்டது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளி வந்து சேர்ந்தார். சோக்கை இழுத்தபடியே வைத்து, கால் ஓயும்வரை உதைத்திருக்கிறார். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து சொட்டுகிறது.

"சாமி, பெட்ரோல் தண்ணியா போனா எரியாது. காத்தோட கலந்து, பனி மாதிரி போகணும். நீங்க உதைக்க உதைக்க உள்ள கொட்டிக்கினே இருந்திருக்கு. பொறி நனைஞ்சு போச்சு" என்றேன். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, மெக்கானிக் இரண்டு உதை விட்டதும் பிடித்துக்கொண்டது. புரோகிதர் பஞ்சாங்கப் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நெய்யைச் சொட்டுச் சொட்டா விடுங்கோன்னு ஊரெல்லாம் சொல்றேன், என் அக்கினி குண்டத்துல நானே கிண்ணத்தோட கவுத்துட்டேனே!"

சிவப்பு பட்டன்

இது சின்னது. வெயிலில் ஒரு கணவன் மனைவி. கணவர் கரகம்பாடி ரோட்டிலிருந்து வண்டியைத் தள்ளி வருகிறார். அந்த அம்மா பின்னாலேயே பையைச் சுமந்து வருகிறார். பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கார்பரேட்டர் போயிருக்கும், காயில் போயிருக்கும், இஞ்சினே சீஸ் ஆகியிருக்கும் என்று அவரே எனக்கு வரிசையாக ஜோசியம் சொன்னார். வலது கைப்பிடியில் இருந்த சிவப்பு சுவிட்ச் அணைந்திருந்தது. அது அணைந்தால் பிளக்குக்குப் பொறி போகாது. இஞ்சின் இழுக்கும், அழுத்தும், வெடிக்க மட்டும் வெடிக்காது. நான் ஒரு விரலால் அதைத் தட்டிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். வண்டி ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. அந்த அம்மா பையைத் தரையில் வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ரயில்வே கேட்டுகிட்டயே கேட்டேன்மா, அந்த செவப்பு எதுக்குன்னு. ஒனக்கு இதெல்லாம் புரியாது, பின்னால நடந்து வான்னாரு."

சூடு

தமிழில் சூடு என்றால் சூடு. தெலுங்கில் "சூடு" என்றால் "பார்". அதுவும் பெரியவர்களிடம் சொல்கிற பார் இல்லை. பெரியவர்களிடம் "சூடண்டி" என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் "சூடு" என்றால் "டேய், பாருடா" என்கிற அளவுக்குக் குறைச்சல். இது அரக்கோணத்திலிருந்து மலைக்கு வந்த ஒரு இளைஞருக்கு எப்படித் தெரியும்? நான் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, நேராக கவுஸ் பாயிடம் போய் நின்றிருக்கிறார். "வண்டி சூடு" என்றிருக்கிறார். "சூஸ்துன்னா" என்று பாய் சொல்லியிருக்கிறார், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று. "ரொம்ப சூடு, ரொம்ப சூடு" என்று இளைஞர் குரலை உயர்த்த, தாடி நரைத்த மனிதரை நன்றாகப் பாருடா, நன்றாகப் பாருடா என்று அதட்டுகிறானே என்று பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

நான் டிபன் டப்பாவோடு ஓடி வருவதற்குள், ரோஷத்தில், 'இதோ பார்க்கிறேன், போதுமா?' என்று கையைக் கொண்டுபோய் சிலிண்டர் மேலேயே வைத்துவிட்டார். எரிகிற பெட்ரோலின் சூட்டில் கொஞ்சம்தான் வண்டியை ஓட்டுகிறது. பெரும் பங்கு இஞ்சினையும் காற்றையும் சுட வைத்தே தீர்ந்துவிடும். அதற்குத்தான் சிலிண்டரைச் சுற்றி அந்தத் தகடு தகடான வரிகள். அந்த வண்டியில் ஆயில் வேறு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. உரசுகிற இடமெல்லாம் காய்ந்து, இஞ்சின் அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பாய் கையை உதறிக்கொண்டு வாளித் தண்ணீரில் விட்டார். நான் நடந்ததை இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையிலும் விளக்கினேன். அந்த இளைஞர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பாய்க்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. 'நான் பார்த்தேன்' என்று தெலுங்கில் பாதி, அன்றைக்குப் புதிதாகக் கற்ற தமிழில் பாதியாகச் சொன்னார்: "நேனு சூசானு, அதி சுட்டுச்சு!"

அன்று மாலை மேனேஜர் என் கவுண்டருக்கு வந்தார். பாயின் விரலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டார். நான் அங்கே இல்லாத நேரத்தில் நடந்தது என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை என்றார். ஆனால் போகும்போது கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். எனக்கு இரவெல்லாம் சுழல் நாற்காலிதான் கனவில் வந்தது.

ஓடாமல் ஓடிய வண்டி

எங்கள் ஊர் நெசவாளி ஒருவர், ஏகாம்பரம் அண்ணன். நகரியிலிருந்து என்னைத் தேடியே வந்தார். வண்டி மைலேஜ் கொடுக்கவில்லை, பெட்ரோலைத் தண்ணியாகக் குடிக்கிறது என்று புகார். பாய் பார்த்தார். கார்பரேட்டர் சரி, பிளக் சரி, எங்கும் ஒழுகல் இல்லை. நான் ஓட்டிப் பார்த்தேன். குழந்தை மாதிரி ஓடுகிறது. ஆனால் மீட்டரைப் பார்த்தால், அவர் போட்டதாகச் சொல்லும் பெட்ரோலுக்கும் ஓடிய கிலோமீட்டருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. "யாரோ பெட்ரோல் திருடறாங்க அண்ணா" என்றேன். "என் வூட்லயே நிக்குதும்மா, யார் வருவாங்க?" என்றார்.

அப்போதுதான் பின் சக்கரத்தின் நடுவில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். நூல் பிசிறு. ஊதாவும் மஞ்சளுமாக, அச்சில் சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. தறி வீட்டில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? கல்யாண சீசன் ஆர்டர். கரண்ட் அடிக்கடி போகிறது. தறி நின்றாலும் பரவாயில்லை, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் கண்டை, தாரையாவது சுற்றி வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தில் பெல்ட் போட்டு, தார் சுற்றியிருக்கிறார். நாள் கணக்கில். அந்த வண்டியில் மீட்டர் கேபிள் முன் சக்கரத்தில் இருக்கிறது. பின் சக்கரம் எத்தனை சுற்றினாலும் மீட்டருக்குத் தெரியாது.

நின்ற இடத்திலேயே ஓட்டினால் இஞ்சின் மேல் எதிர்காற்று படாது, கருகிவிடும் என்று நன்றாகவே திட்டினேன். ஊர்க்காரர் என்கிற உரிமை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "வண்டி நின்னுகினுதாம்மா இருந்துச்சி, இஞ்சின் மட்டும்தான் ஓடிச்சி. ரெண்டுத்துக்கும் ஒரே பெட்ரோலா?"

மல்லாட்டை வைத்தியம்

டிரையல் முடிய சில நாட்கள்தான் பாக்கி. மேனேஜர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. எனக்கும் கவுண்டர் என்னுடையதுதான் என்று தைரியம் வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணி பிளான்ட் கூட வைத்துவிட்டேன். அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை.

திங்கட்கிழமை சர்வீஸ் கவுண்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததோடு இல்லை, அதில் இடித்துக்கொண்டு நின்றும் இருப்பீர்கள். ஒரு பக்கம் வாட்டர் வாஷ் இரைச்சல், ஒரு பக்கம் கம்ப்ரஸர். கூட்டத்துக்கு நடுவில் புத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், முனிரத்தினம் என்று பெயர், கையில் பம்புசெட் ஸ்டார்ட்டரைக் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நின்றார். ஸ்டார்ட்டரைப் பழுது பார்த்து வாங்கிப் போக திருப்பதி வந்தவர். வந்த வழியெல்லாம் வண்டி முரண்டு. "அம்மா, வண்டி போக மாட்டேங்குது. திருகனா திருகிக்கினே கீது, போக மாட்டேங்குது. சாயந்திரம் கரண்ட் வுடுவான், அதுக்குள்ள இத மாட்டி நெல்லுக்குத் தண்ணி கட்டணும்" என்றார். ஒரு மணி நேரத்தில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

எங்கள் கடையில் ஒரு விதி. வாடிக்கையாளர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். நாமாக வியாதிக்குப் பெயர் வைக்கக் கூடாது. கவுஸ் பாய்க்கும் இதற்குள் பத்து இருபது தமிழ் வார்த்தை பழகியிருந்தது. அந்த நம்பிக்கையில், எழுந்து போகக்கூட நேரமில்லாமல், கவுண்டரிலிருந்தே கத்தினேன். "பாய், போக மாட்டேங்குதாம்!"

தெலுங்கில் "பொக" என்றால் புகை.

இரைச்சலில் பாயின் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். பொக. அவர் வண்டியை உதைத்தார். சொல்லி வைத்தாற்போல சைலன்ஸரிலிருந்து புகை வந்தது. புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருக்கும், ஆயில் மேலே ஏறி எரிகிறது என்று பாய் முடிவு கட்டிவிட்டார். நான் அடுத்தடுத்த ஆட்களைக் கவனித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, முனிரத்தினம் ஐயாவின் இஞ்சின் தலை வேறு, உடல் வேறாகத் தரையில் விரித்த துணியில் கிடந்தது. அவர் ஸ்டார்ட்டரை இடுக்கிக்கொண்டு அதன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "போவலன்னுதானம்மா சொன்னேன். கொன்னே போட்டாங்களே" என்றார். அவர் குரலில் கோபம் கூட இல்லை.

மேனேஜர் வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நானும் பாயும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. பாஷைக்காகத்தான் உன்னை வைத்தேன், அந்தப் பாஷையாலேயே இஞ்சினைத் திறக்க வைத்துவிட்டாய் என்று மெதுவாகத் தெலுங்கில் சொன்னார். நாளை முதல் பில்லிங் என்றார். அழுதால் இத்தனை பேர் முன்னால் மானம் போகும் என்று பேனா மூடியை மூடி மூடித் திறந்தேன்.

அதற்குள் கவுஸ் பாய் பிஸ்டனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது. ரிங் புதிது மாதிரி இருக்கிறது. சிலிண்டரில் ஒரு கீறல் இல்லை. ஆயில் எரிந்த அடையாளமே இல்லை. மேலே கறுப்பாக, விளக்குக் கரி போல மெத்தென்று படிந்திருந்தது. அது ஆயில் கரி இல்லை, பெட்ரோல் கரி. அப்படியென்றால் உள்ளே பெட்ரோல் அதிகம், இல்லாவிட்டால் காற்று குறைவு. பாய் கார்பரேட்டரைப் பார்த்தார். அதில் கோளாறு இல்லை. மிச்சம் இருப்பது காற்று.

நாளைக்கு பில்லிங் என்றால் இன்றைக்கு இன்னும் கவுண்டர்தானே. முனிரத்தினம் ஐயா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஐயா, வண்டி வூட்ல எங்க நிக்கும்?"

"உள் ரூம்ல. மல்லாட்டை மூட்டைங்கள்லாம் கீதில்ல, அதும்பக்கத்துல." மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

"கொஞ்ச நாளா எடுக்காம வெச்சிருந்தீங்களா?"

"நாத்து நட்ற வேலைல எங்கம்மா எடுக்கறது? மூலையிலதான் நின்னுகினு இருந்துச்சி."

"எலி உண்டா?"

அவர் முதல்முறையாக லேசாகச் சிரித்தார். "எலி இல்லாத மல்லாட்டை வூடு எங்கனா கீதா?"

எங்கள் நூல் கிடங்கில் எலிகள் சந்து பொந்தெல்லாம் எதையாவது திணித்து வைப்பதைப் பார்த்தவள் நான். சீட்டுக்குப் பக்கத்து மூடியைக் கழற்றச் சொன்னேன். அங்கேதான் ஏர் ஃபில்டர் இருக்கும். இஞ்சின் இழுக்கிற காற்றெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பாய் ஸ்க்ரூவைத் திருகி மூடியை எடுத்ததும் சலசலவென்று கொட்டியது. மல்லாட்டை. உரித்தது, உரிக்காதது, சாக்கு நார், கிழிந்த துணி. ஒரு குடும்பம் மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து தின்னலாம். வாட்டர் வாஷ் ஆள் கூடக் குழாயை மூடிவிட்டு வந்து நின்றான்.

அந்த இஞ்சின் பாவம், மூக்கை அடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இழுக்கும்போது காற்று வரவில்லை. பெட்ரோல் மட்டும் வந்தது. காற்று இல்லாமல் பெட்ரோல் முழுதாக எரியாது. எரிந்த கொஞ்சத்தில் பலம் இல்லை, அதனால் வண்டி போகவில்லை. எரியாத மிச்சம் கறுப்பாக வெளியே வந்தது, அதனால் புகை. அவர் சொன்ன "போக"வும், பாய் கேட்ட "பொக"வும் ஒரே வியாதி. மேனேஜர் தரையில் கிடந்த கடலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாய் எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார். என் பெயரில் இருக்கிற தப்பைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார். "ஆமெ செப்பிந்தி வேறு, சார். நா செவி வின்னதி வேறு." அவள் சொன்னது வேறு, என் காது கேட்டது வேறு. அந்த நிமிஷம் அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடித்துப் போயிற்று என்று சொல்ல முடியாது. மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

கழற்றிய வேலை எங்களுடையது என்பதால் புது கேஸ்கெட் போட்டு, கரியைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் மாட்டி, இஞ்சினைப் பூட்டினோம். பாய் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. முனிரத்தினம் ஐயாவுக்கு மட்டும் புளிசாதப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தோம். மூன்று மணிக்குள் வண்டி தயார். அவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் வண்டி பாய்கிறது. புகை பேருக்குக் கூட இல்லை. மேனேஜர் வெளியே வந்து, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார். முனிரத்தினம் ஐயா ஸ்டார்ட்டரைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டே தமிழில் பதில் சொன்னார்.

"சார், இந்தப் பொண்ண இங்கிருந்து எடுத்துடாதீங்க. எல்லாரும் வண்டியத்தான் பிரிச்சாங்க. இதுதான் என்னாண்ட வந்து ஒக்காந்து பேசிச்சி."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏமண்டுன்னாரு?" என்ன சொல்கிறார்?

பார்த்தீர்களா என் நிலைமையை? என்னைப் பற்றிய நல்ல வார்த்தையை நானே என் வாயால் மொழிபெயர்க்க வேண்டும். அதுவும் என் வேலை போகிற நேரத்தில். வெட்கத்தில், "வேலை நல்லாருக்குன்னு சொல்றார் சார்" என்று தெலுங்கில் முணுமுணுத்தேன். பின்னாலிருந்து கவுஸ் பாய் பெரிதாகச் சிரித்தார். தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் கூட்டிப் பொறுக்கி, ஐயா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தெலுங்கில் சொல்லிவிட்டார். இந்த முறை அவர் காதில் எல்லாம் சரியாகவே விழுந்திருந்தது.

வண்டி கேட்டைத் தாண்டிப் போனது. சாயந்திரக் கரண்டுக்கு முன்னால் அவர் புத்தூரைத் தாண்டிவிடுவார் என்று பாய் சொன்னார். மேனேஜர் என் கவுண்டர் வரைக்கும் வந்து, மணி பிளான்டை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கண்டிப்பான முகத்தோடு சொன்னார்: "கவுண்டர்லோனே கூர்ச்சோ அம்மாயி. கானி இகமீத 'போக' வத்து, 'பிக்கப் லேது' அனி செப்பு!" கவுண்டரிலேயே உட்கார், ஆனால் இனிமேல் 'போக' வேண்டாம், 'பிக்கப் இல்லை' என்று சொல்.

ஆக, ஒரு பெட்ரோல் இஞ்சின் ஓடுவதற்குக் காற்று, பெட்ரோல், பொறி மூன்றும் போதும். அதை ஓட்டி வருகிறவரோடு பேசத்தான் இரண்டு பாஷை தெரிந்தும் சில நாள் போதவில்லை.